உங்களுக்குத் தெரியுமா? நகச்சொத்தையும் டீ ட்ரீ எண்ணெயும்

பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைத் தண்ணீர் பாயும் வத்திராயிருப்புப் பக்கத்து வயல்களில் நடவுக்கு இறங்கினால், கால் பொழுதுக்கும் சேற்றில்தான். சேற்றுப்புண்ணுக்கு மருதாணியை அரைத்துப் பூசுவது பழைய கைவைத்தியம். ஆனால் விரலிடுக்குப் பூஞ்சை நகத்துக்கடியில் புகுந்துவிட்டால் கதையே வேறு. நகம் மஞ்சளாகித் தடிக்கும், பொடிப்பொடியாக உதிரும். அதுதான் நகச்சொத்தை. வயலையே பார்க்காத, நாள் முழுக்க ஷூவுக்குள் வியர்க்கும் கால்களுக்கும் இது வரும்.

இதற்குப் பலர் தேடி வாங்குவது டீ ட்ரீ எண்ணெய். பெயரில்தான் டீ, நம் தேயிலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது ஆஸ்திரேலிய மரம். கொய்யா, நாவல், தைலமரம் எல்லாம் அதன் பங்காளிகள்!

1994-இல் வெளியான ஓர் ஆய்வில் 117 பேர் 6 மாதம் பூசிப் பார்த்தார்கள். பாதிப்பேருக்குக் கலப்பில்லாத டீ ட்ரீ எண்ணெய், மற்றவர்களுக்கு 1% குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து. சோதனையில் பூஞ்சை இல்லாமல் போனது எண்ணெய்க்காரர்களில் 18%, மருந்துக்காரர்களில் 11%. எண்ணெய் ஜெயித்துவிட்டது என்று துள்ள வேண்டாம், இரண்டுமே சுமார்தான். தடித்த நகத்தைத் துளைத்து உள்ளே போவது எதற்கும் லேசல்ல. அதனால்தான் தோல் மருத்துவர்கள் பல வாரங்களுக்கு டெர்பினஃபின் மாத்திரை தருகிறார்கள்.

கால் பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மி.மீ.தான் வளரும். பூஞ்சை செத்தாலும் புது நகம் முழுதாக வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். சர்க்கரை நோயாளிகள் மட்டும் எண்ணெயோடு காத்திருக்காமல் முதலிலேயே மருத்துவரிடம் காலைக் காட்டிவிட வேண்டும்.