கால்வாய் போன போக்கில் – 8: மரக்காணத்தில் படகு கட்ட இடமுண்டா?

சென்ற வாரம் பாலாற்று முகத்துவாரத்தோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து முதலியார்குப்பம், கடப்பாக்கம் தாண்டித் தெற்கே வந்தால் மரக்காணம். ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து 420 கிலோமீட்டர் ஓடிவரும் பக்கிங்காம் கால்வாய் இந்த ஊரோடு முடிகிறது. திண்டிவனத்தில் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இது உப்பு ஊர். சாலையோரம் பாத்திகளும் கீற்று வேய்ந்த உப்புக் குவியல்களும்தான் கண்ணில் படும். கால்வாயில் வந்த படகுக்காரருக்கோ இது கடைசித் துறை. படகைக் கட்டி, சோறு பொங்கித் தின்று, படுத்தெழுந்து திரும்ப வேண்டிய இடம்.

வந்தவரைக் கவனிப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊரான ‘கிடங்கில்’ இன்றைய திண்டிவனத்துக்குள் இருக்கிறது. அந்நூல் சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு அங்கே நெய்தல் நிலத்தார் பழங்கள்ளும் சுட்ட குழல்மீனும் தருவார்கள் என்று புலவர் வழிசொல்லி அனுப்புகிறார். ஊர் பேர் தெரியாதவனுக்குத்தான் இந்த விருந்து.

கால்வாயின் கதை 1806-ல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டியதில் தொடங்குகிறது. பிறகு தாது வருஷப் பஞ்சம். கூலிக்கு மண் சுமந்த பட்டினிக்காரர்கள் சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். பெயர் மட்டும் 1878-ல் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போனது. விறகு, நெல், உப்பு, கிளிஞ்சல் என்று சரக்கு ஓடியது. காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றவேண்டும், அல்லது கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கவேண்டும். பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இந்தக் கால்வாயில் போன படகுப் பயணம்தான். 1960-களின் புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து படுத்துவிட்டது.

காக்ரேன் கால்வாய்க்கு முந்தைய ஆண்டு, 1805-ல், அமெரிக்காவில் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் திறக்கப்பட்டது. அது இன்றும் ஓடுகிறது. சரக்குக்காக அல்ல, அட்லாண்டிக் கரையோரமாகச் சொந்தப் படகில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்காக. அதன் தெற்கே வட கரோலினாவில் எலிசபெத் சிட்டி என்றொரு சிற்றூர். 1983-ல் அங்கே பிரெட் பியரிங், ஜோ கிரேமர் என்ற இரண்டு பெரியவர்கள், துறைக்கு வந்த படகுகளை வரவேற்க ஆரம்பித்தார்கள். கிரேமரின் தோட்டத்து ரோஜாவை நறுக்கி, படகில் வந்த பெண்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார்கள். படகு கட்டக் காசு இல்லை. வந்தவர்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள், சாப்பிட்டார்கள், ஊரின் பெயரைப் போகுமிடமெல்லாம் சொன்னார்கள். கொச்சி போல்காட்டியில் இருக்கும் மரினா மாதிரி பெரிய ஏற்பாடு எதுவும் சிற்றூருக்குத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மரக்காணத்துக்கு வேண்டியதும் கொஞ்சம்தான். ஆனால் அதைச் சரியாகச் செய்யவேண்டும். கழிமுகம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும் இடம் இது. நீர் ஏறியிருக்கும்போது கயிற்றை இறுக்கிக் கட்டினால், வற்றும்போது படகு ஒருபக்கமாகத் தொங்கும். கல் படித்துறை மட்டும் போதாது, நீரோடு ஏறி இறங்கும் மிதவை வேண்டும். கயிறு கட்ட முளை, குடிதண்ணீர்க் குழாய், ஒரு விளக்கு, பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை. வீசிய கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள். அந்த ஆள் குப்பத்துக்காரராக இருந்தால் இன்னும் நல்லது; சேறு எங்கே, ஆழம் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும்.

2008-ல் அறிவித்த தேசிய நீர்வழி 4-ல் இந்தக் கால்வாயும் உண்டு. மரக்காணத்திலிருந்து கழுவெளி ஏரி வழியாகப் புதுச்சேரி வரை கோடு போட்டிருக்கிறார்கள். முதல் கட்ட வேலை கிருஷ்ணா ஆற்றில் நடந்தது. நம் பக்கத்துக்கு வரைபடத்துக் கோடு மட்டும். அதிலும் ஒரு சிக்கல். கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. பூநாரை மேயும் நீரில் மோட்டார் படகு உறுமுவதை நான் ஒப்பமாட்டேன். இழுத்த கோட்டை மரக்காணத்தோடு நிறுத்திக்கொள்வதே நியாயம். புதுச்சேரி போக பஸ் இருக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் யாராவது நீர்வழிச் சாலை, சுற்றுலா என்று கோடிக்கணக்கில் பேசினால், மரக்காணத்தில் படகைக் கட்டும் முளை எந்த இடத்தில் என்று முதலில் கேளுங்கள்.

(தொடரும்)