தலையெழுத்தா? தழும்பா?

"அவன் தலையெழுத்து அப்படி!"

உள்ளம் சோர்ந்து, உணவு கசந்து, உறக்கம் தொலைந்து, வேலைக்குச் செல்லவும் மனமின்றி மூலையிலே முடங்கிக் கிடப்பவனைப் பார்த்து ஊரார் வழங்கும் தீர்ப்பு இது. கோழை என்பார் சிலர். பிறவிக் குணம் என்பார் வேறு சிலர்.

விஞ்ஞானம் என்ன கூறுகிறது, தோழர்களே? இளமையிலே பட்ட அடியின் தழும்பாக அது இருக்கக்கூடும் என்கிறது!

கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரிலே மெக்கில் பல்கலைக் கழகம். அங்கே மைக்கேல் மீனி, மோஷே ஷிஃப் முதலிய அறிஞர்கள் எலிகளை ஆராய்ந்தனர். தாய் எலிகளிலே சில, குட்டிகளை ஓயாமல் நக்கிக் கொடுக்கும். சில, ஏனோதானோ என்று விட்டுவிடும். நக்கி வளர்க்கப்பட்ட குட்டி, பெரிதான பின் எளிதில் மிரளுவதில்லை. கவனிப்பாரற்று வளர்ந்ததோ சிறு நெருக்கடிக்கும் நடுங்குகிறது.

காரணம் என்ன? ஆபத்து வந்தால் உடலிலே ஒருவகை ஹார்மோன் பெருகும். ஆபத்து அகன்றதும், "போதும், நிறுத்து!" என்று மூளை ஆணையிட வேண்டும். அந்த ஆணைக்குத் துணைநிற்பது ஒரு மரபணு. கவனிப்பற்ற குட்டியின் மூளையிலே, அந்த மரபணுவின் மீது மெத்தில் எனும் வேதித் துணுக்குகள் ஒட்டிக் கொண்டு அதைப் பூட்டிவிடுகின்றன. மரபணு கெட்டுவிடவில்லை; பூட்டப்பட்டிருக்கிறது!

"பரம்பரைக் கோளாறுதானே?" என்று கேட்கலாம். கவனிக்காத தாய் ஈன்ற குட்டியைக் கவனிக்கும் தாயிடம் விட்டனர். வளர்த்தவளின் குட்டி போலவே அது வளர்ந்தது, பூட்டு விழவில்லை. வளர்ந்த எலியின் மூளையிலே மருந்து செலுத்தியபோது, விழுந்த பூட்டும் தளர்ந்தது. 2004ல் வெளிவந்த முடிவுகள் இவை.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? 2009ல் அதே பல்கலைக் கழகத்தார், இறந்தோர் 36 பேரின் மூளைகளைச் சோதித்தனர். தற்கொலையால் மாண்டோரில், இளமையிலே கொடுமைக்கு ஆளானோர் 12 பேர். ஆளாகாதோர் 12 பேர். வேறு காரணங்களால் மாண்டோர் 12 பேர். இளமைக் கொடுமை அனுபவித்தோரின் மூளையிலேதான் அந்தப் பூட்டு மிகுதியாகக் காணப்பட்டது.

முப்பத்தாறு மூளைகளைக் கொண்டு உலகுக்கே தீர்ப்பெழுத முடியாது. மனச்சோர்வுக்கு இது ஒன்றே காரணமும் அல்ல. துன்பப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் சோர்ந்துவிடுவதும் இல்லை. எனினும், அமெரிக்காவின் சான் டியாகோவில் 9,508 பேர் பதிலளித்த ஆய்வு 1998ல் வெளியாயிற்று. அடி, வசை, தாயை வதைத்தல், வீட்டிலே குடி போன்ற துன்பங்களில் நான்கும் அதற்கு மேலும் பட்டவர்களுக்கு, எதுவும் படாதவரைவிடக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு!

உடனே தாயைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றிவிடாதீர்! கருவுற்ற எலியை நெருக்கடியிலே வாட்டியபோது, நன்றாகக் கவனிக்கும் இனத்துத் தாயும் நக்குவதைக் குறைத்துக் கொண்டது. தாய்க்கு அமைதியில்லையேல் பிள்ளைக்கு அரவணைப்பு ஏது? பேறுகால விடுப்பும், பிள்ளைக் காப்பகமும், வயிற்றுக்குப் போதிய கூலியும் சலுகைகளா? மூளைக்குப் போடும் வேலிகள் அவை!

நமக்கும் பங்குண்டு, தோழர்களே! மேலதிகாரியிடம் அடக்கிய கோபத்தை வீட்டிலே பிள்ளையின் முதுகில் இறக்காதீர். சோர்ந்து கிடக்கும் தோழனை ஏசாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்வீர். சிகிச்சையால் மீண்டோர் பலர்.

தலையெழுத்து என்றால் கைகட்டி நிற்கலாம். தழும்பு என்றால், அடித்த கையைத் தடுத்தாக வேண்டும்!