லவ் பேர்ட்ஸ் வளர்ப்பு: சோடியின் குணம் தெரிந்தால்தான் முதல் தேறும்

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் இறக்கக்கண்டிப் பக்கம் கடற்றொழில் மந்தமாகிவிடும். அந்த மாதங்களில் வீட்டோடு செய்யக்கூடிய தொழில் எது என்று கேட்கும் தம்பிமார் பலருக்கு லவ் பேர்ட்ஸ் மேல் ஒரு கண். நம் கடைகளில் இந்தப் பெயரில் விற்பது உண்மையில் பஜ்ரிகர் என்னும் அவுஸ்திரேலியச் சிறுகிளி. ஜோன் கோல்ட் என்பவர் 1840இல் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். தினையும் தண்ணீரும் ஒரு மண்முட்டியும் போதும் என்று இறங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

முதலில் சோடியைப் பார்ப்போம். இரண்டு பறவை ஒட்டி உட்கார்ந்து ஒன்றுக்கொன்று இரை ஊட்டினால் சோடி என்று நம்பி வாங்குகிறோம். ஆணும் ஆணும் கூட அப்படித்தான் ஊட்டிக்கொள்ளும்! இரண்டும் பெட்டையானால் முட்டை வரும், குஞ்சு வராது. மூக்குத் துவாரத்தைச் சுற்றியுள்ள சதையைப் பாருங்கள். வளர்ந்த சேவலுக்கு நீலம், முட்டையிடத் தயாரான பெட்டைக்குத் தடித்த மண்ணிறம். கண் சிவந்த மஞ்சள், வெள்ளை நிறப் பறவைகளில் சேவலுக்கும் நீலம் வராது, இளஞ்சிவப்பாகவே இருக்கும். இளங்குஞ்சிலும் நிறத்தை நம்ப முடியாது. விற்கிறவருக்குச் சந்தேகம் இருந்தால் அதைச் சொல்லியே விற்க வேண்டும். தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். சேவல் இரண்டைச் சோடி என்று கொடுப்பதும் அந்த ஈரம்தான்.

கூட்டுக்குள் அதிகாரம் பெட்டையுடையது. புதிதாகச் சேர்த்த சில நாட்களில் அது சேவலைக் கொத்தி விரட்டலாம். இரத்தம் வராதவரை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். சேவல் தலையை ஆட்டி, தொண்டை மயிரைச் சிலிர்த்து, அலகால் அலகைத் தட்டி இரை ஊட்டும். பெட்டை முட்டியின் வாயைக் கடித்துக் கடித்து உள்ளே போய்வந்தால் காரியம் கைகூடுகிறது என்று அர்த்தம். ஒரே கூட்டில் பல சோடி விட்டால் சண்டை பெட்டைகளுக்குள்தான், உயிர் போகும் அளவுக்கும் போகும். சோடி நான்கென்றால் முட்டி ஆறேனும் வேண்டும், எல்லாம் ஒரே உயரத்தில். துணையில்லாத பெட்டையை உள்ளே விடவே வேண்டாம்.

ஒன்றுவிட்டு ஒரு நாளாக நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். ஏறக்குறைய 18 நாளில் பொரிக்கும். அடைகாப்பது பெட்டை மட்டுமே. சேவல் வெளியே நின்று அதற்கு ஊட்டும். சேவல் சோம்பேறி என்று மாற்றிவிட்டால் பெட்டை பட்டினி கிடக்கும். அடையில் இருக்கும் பெட்டை எச்சத்தை அடக்கி வைத்து, வெளியே வந்ததும் பெரிதாக, நாற்றத்துடன் போடும். அது வயிற்றோட்டமல்ல, மருந்து தேவையில்லை. ஆனால் உடல் வீங்கி, வாலை ஆட்டிக்கொண்டு கூட்டின் அடியில் கிடந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். உடனே சூடான இடத்துக்கு மாற்றி, மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

குஞ்சுகள் ஐந்து வாரமளவில் முட்டியை விட்டு வெளியேறும். அதற்குள் பெட்டைக்கு அடுத்த ஈட்டு ஆசை வந்துவிட்டால் சொந்தக் குஞ்சின் இறகையே பிடுங்கும், கொத்தும். அப்போது மூத்த குஞ்சுகளைச் சேவலோடு வேறு கூட்டில் விடுங்கள், தகப்பன் ஊட்டி வளர்த்துவிடும். ஒரு வயதாகாத பெட்டைக்கு முட்டியே வைக்காதீர்கள். வருடத்துக்கு இரண்டு ஈடு போதும், மூன்றாவதை எதிர்பார்த்தால் தாயே போய்விடலாம். கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் முட்டிக்குள் குஞ்சுகள் வெந்து சாகும். ஆகவே அந்த மாதங்களில் முட்டியைக் கழற்றிவிடுவது நல்லது.

முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு போதும். கொழும்பில் அதைக் காசுக்கு வாங்குகிறார்கள், நமக்கோ கரையில் சும்மா ஒதுங்குகிறது. நன்னீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்துக் கூட்டில் கட்டிவிடுங்கள்.