ஹார்ட் டிஸ்க்கில் 250 ஜிபி எங்கே போனது?

அரியலூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் மாமா போன் செய்தார். "மாப்ளே, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் புல்னு காட்டுது. போல்டரை எல்லாம் கூட்டிப் பார்த்தா கணக்கு இடிக்குது. வைரஸ்தான். பார்மேட் அடிச்சிடவா?"

"அடிக்காதீங்க மாமா, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பெரம்பலூரில் பஸ் ஏறினேன். அதில் இருந்தவை இரண்டு வருடக் கல்யாணப் படங்கள். வேறு காப்பி கிடையாது.

உங்களுக்கும் இந்தக் குழப்பம் வரலாம். அப்போது கீழ்க்கண்ட வரிசையில் சோதித்துப் பாருங்கள்.

1. மொத்தக் கொள்ளளவு: மாமாவின் டிஸ்க் 1 டிபி. ஆனால் விண்டோஸ் 931 ஜிபி என்றே காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் 1 ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107 கோடிக்கும் மேற்பட்ட பைட்டை 1 ஜிபி என்கிறது. 2009-இல் வந்த ஸ்நோ லெப்பர்டு முதல் மேக் கம்ப்யூட்டர்கள் தயாரிப்பாளர் கணக்கையே பின்பற்றுகின்றன. அதனால் ஒரே டிஸ்க் இரண்டிலும் வேறு வேறு அளவு காட்டும்.

2. பைல் அளவும் பிடிக்கும் இடமும்: டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தோம். நிரம்பிய இடம் 905 ஜிபி. பிறகு எல்லாப் போல்டர்களையும் செலக்ட் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தோம். 'சைஸ்' 640 ஜிபி, 'சைஸ் ஆன் டிஸ்க்' 655 ஜிபி. டிஸ்க் இடத்தைக் கட்டம் கட்டமாகத்தான் ஒதுக்கும். பெரிய டிஸ்க்கை விண்டோஸில் எக்ஸ்ஃபேட் முறையில் பார்மேட் செய்தால் ஒரு கட்டம் வழக்கமாக 128 கேபி. 1 கேபி பைலுக்கும் முழுக் கட்டம் போய்விடும். சுமார் இரண்டரை லட்சம் படங்கள் இருந்ததால் 15 ஜிபி இப்படிப் போயிருந்தது.

3. மறைந்திருக்கும் போல்டர்கள்: இன்னும் 250 ஜிபிக்குக் கணக்கு வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்வு செய்தோம். '.ட்ராஷஸ்' என்றொரு போல்டர் தென்பட்டது. ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி மேக் வைத்திருக்கிறார். அதில் டெலிட் செய்தவை அழியாமல் இதே டிஸ்க்கில் குப்பையாகத் தங்கிவிட்டன. விண்டோஸில் டெலிட் செய்தால் இதே போல '$ரீசைக்கிள்.பின்' போல்டரில் தங்கும்.

உடனே காலி செய்துவிடாதீர்கள். டிஸ்க்கை மேக்கில் மாட்டி ட்ராஷைத் திறந்து பார்த்தோம். ஆல்பம் இன்னும் கொடுக்காத ஒரு கல்யாணத்தின் போல்டரும் அதில் கிடந்தது! அதை வெளியே எடுத்த பிறகே 'எம்ப்டி ட்ராஷ்' கொடுத்தோம்.

4. இதற்குப் பிறகும் கணக்கு இடித்தால் பைல் சிஸ்டத்தில் பிழை இருக்கலாம். முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளுங்கள். பிறகு ப்ராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய் 'செக்' கிளிக் செய்யுங்கள்.

மாமா இப்போது இரண்டாவது டிஸ்க் ஒன்றும் வாங்கிவிட்டார். நீங்களும் நினைவில் வையுங்கள்: முதலில் காப்பி, பிறகு கணக்கு, கடைசியில்தான் பார்மேட்.