அகதிகள் சொல்லித் தந்த பாடம்

இசைப் பள்ளிகளின் கதை – 11

1927 நவம்பர் 27 அன்று ஷாங்காயில் தேசிய இசைக் கல்லூரி தொடங்கியது. மேற்கத்திய இசையை உயர்நிலை வரை கற்பிக்கச் சீன அரசு நிறுவிய முதல் கல்லூரி அதுதான். மாணவர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் பியானோவும் வயலினும் அந்த உயரத்தில் சொல்லித்தரக்கூடிய சீனர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தக் கல்லூரியின் முதல் இருபது ஆண்டு வரலாறே ஆசிரியர்களைத் தேடிப் பிடித்த வரலாறுதான்.

தேடியவர் சியாவ் யோமெய். முதல் தலைவர் என்று ஏட்டில் இருந்தது கல்வியாளர் சாய் யுவான்பெயின் பெயர். அலுவல் முழுவதும் சியாவின் தலையில். டோக்கியோவில் படித்தவர், 1912இல் சன் யாட்-சென்னிடம் செயலாளராக இருந்தவர். பிறகு ஜெர்மனியின் லைப்சிக் சென்று, 17ஆம் நூற்றாண்டு வரையிலான சீன வாத்தியக் குழுக்களின் வரலாற்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அதனால்தான் அவருடைய கல்லூரியில் பியானோவுக்குப் பக்கத்திலேயே பீபாவுக்கும் இடம் இருந்தது. பீபா என்பது நாலு தந்திகள் கொண்ட சீன வாத்தியம். மடியில் நிமிர்த்தி வைத்து மீட்டுவார்கள்.

பீபா ஆசிரியர் உள்ளூரிலேயே கிடைத்தார். பியானோ ஆசிரியரைக் கொடுத்தது ரஷ்யப் புரட்சி. 1917க்குப் பிறகு ஆயிரக்கணக்கான ரஷ்யர்கள் ஷாங்காயில் தஞ்சம் புகுந்தார்கள். விசா கேட்காத துறைமுகம் அது. அப்படி ரஷ்யாவை விட்டு வெளியேறியவர்களில் ஒருவர் போரிஸ் ஜகாரோவ். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைப் பள்ளியில் இசையமைப்பாளர் புரோகோஃபியேவுடன் சேர்ந்து படித்தவர், அவருக்கு நெருங்கிய நண்பர். 1929இல் சியாவ் அவரைக் கல்லூரிக்கு அழைத்துவந்தார். சீனாவின் முதல் தலைமுறைப் பியானோ கலைஞர்கள் பலரும் ஜகாரோவின் மாணவர்கள். அவர்களில் டிங் ஷாந்தே, லி சுய்ஜென் என்ற இரண்டு பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயலினுக்கு இத்தாலியரான அரிகோ ஃபோவா. ஷாங்காய் நகராட்சி இசைக்குழுவின் முதல் வயலின் அவருடையது. இசையமைப்புக்கு மட்டும் ஒரு சீனர் கிடைத்தார்: அமெரிக்காவில் ஓபர்லினிலும் யேலிலும் படித்துவிட்டு 1929இல் திரும்பிய ஹுவாங் ஜி. சுரங்களை அடுக்கும் மேற்கத்திய இலக்கணத்தை முறையாக, படிப்படியாகச் சீன மாணவர்களுக்குக் கற்பித்தவர் அவர். 1938இல் டைஃபாய்டு அவரைக் கொண்டுபோனபோது வயது 34தான்.

ஹுவாங் ஜியின் வகுப்பில் ஹெ லூடிங் என்றொரு மாணவர் இருந்தார். ஹுனான் மாகாணத்துக் கிராமத்துக்காரர். 1934இல் ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் செரெப்னின் ஷாங்காய் வந்து, சீனத் தன்மையுள்ள பியானோ படைப்புக்கு ஒரு போட்டி வைத்தார். முதல் பரிசு ஹெ லூடிங்குக்கு. மாடு மேய்க்கும் சிறுவனின் புல்லாங்குழலைப் பற்றிய சின்னஞ்சிறு படைப்பு அது. வலது கையில் ஒரு மெட்டு, இடது கையில் இன்னொரு மெட்டு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே போகும். அந்தப் பின்னல் ஐரோப்பிய முறை. மெட்டுகள் சீனக் கிராமத்துடையவை. ஆசிரியர்கள் கொடுத்ததை மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அடுத்த ஆசிரியர்களை ஹிட்லர் அனுப்பிவைத்தார். 1930களின் இறுதியில் ஐரோப்பிய யூதர்கள் கப்பல் கப்பலாக ஷாங்காயில் வந்து இறங்கினார்கள். பெர்லினில் நீதிபதியாக இருந்த வோல்ஃப்காங் ஃபிரெங்கல் அவர்களில் ஒருவர். வதைமுகாமிலிருந்து மீண்டு 1939இல் வந்து சேர்ந்தவர், கல்லூரியில் இசையமைப்பு கற்பித்தார். ஷோன்பெர்க்கின் நவீன இசை முறையைச் சீன மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியது அவர்தான். அவரிடம் படித்த சாங் தோங், 1947இல் எந்த சுருதி மையத்துக்கும் கட்டுப்படாத ஒரு வயலின் படைப்பை எழுதினார். பிற்காலத்தில் அதே கல்லூரிக்குத் தலைவரும் ஆனார். இன்னொருவர் ஆல்ஃபிரட் விட்டன்பெர்க். மாமேதை யோவாகிமிடம் வயலின் பயின்றவர். போர் முடிந்ததும் அகதிகளில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ கிளம்பிப் போனார்கள். விட்டன்பெர்க் போகவில்லை. 1952இல் இறக்கும்வரை ஷாங்காயிலேயே இருந்து சொல்லிக்கொடுத்தார்.

1949இல் மக்கள் சீனம் பிறந்தது. ஹெ லூடிங் கல்லூரியின் தலைவரானார். டிங் ஷாந்தே, வயலின் கலைஞர் தான் ஷூஜென் போன்றோர் நிர்வாகத்திலும் வகுப்பறையிலும் தோள் கொடுத்தார்கள். பாரிஸில் பாட்டுப் பயின்று 1947இல் நாடு திரும்பிய ஜோ சியாவ்யன் குரலிசை கற்பிக்க வந்து சேர்ந்தார். 1959 மே மாதத்தில் மாணவர்களான ஹெ ஜான்ஹாவும் சென் காங்கும் எழுதிய ‘பட்டாம்பூச்சிக் காதலர்கள்’ வயலின் கான்செர்ட்டோ அரங்கேறியது. வாசித்தவர் யூ லினா, 18 வயது மாணவி. இன்றும் சீனாவில் மிகப் புகழ்பெற்ற இசைக்குழுப் படைப்புகளில் அது ஒன்று.

பிறகு வந்தது கலாச்சாரப் புரட்சி. ஐரோப்பிய இசையைக் கற்றதும் கற்பித்ததுமே குற்றமாயின. இரண்டு பெயர்களை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? பியானோ துறைத் தலைவராக இருந்த லி சுய்ஜென், 1966 செப்டம்பரில் அவமானம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே மாதம், நடத்துநர் துறையின் தலைவர் யாங் ஜியாரெனும் அவர் மனைவியும் ஒன்றாக உயிர்விட்டார்கள். தான் ஷூஜென் மாடிப்படிக்கு அடியிலிருந்த இருட்டறையில் 14 மாதங்கள் அடைக்கப்பட்டுக் கிடந்தார். டிங் ஷாந்தே பிழைத்து, 84 வயதுவரை வாழ்ந்தார்.

ஹெ லூடிங் மீது தனிப்பகை ஒன்றும் இருந்தது. 1963இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் திபூசியின் இசையைத் தாக்கி யாவ் வென்யுவான் எழுதிய கட்டுரைக்கு அவர் பத்திரிகையிலேயே மறுப்பு எழுதியிருந்தார். அந்த யாவ்தான் பின்னர், கலாச்சாரப் புரட்சியை முன்னின்று நடத்திய ‘நால்வர் கும்பலில்’ ஒருவரானார். 1968இல் ஹெ லூடிங்கை விசாரணை மேடையில் நிறுத்தி, அதைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். தலைகுனிந்து ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ, குற்றச்சாட்டுகள் அத்தனையும் பொய், பொய் சொல்ல வெட்கமில்லையா என்று ஒலிவாங்கியிலேயே முழங்கிவிட்டார். அதற்கு விலை ஏறத்தாழ ஐந்து ஆண்டுச் சிறை. அந்த ஆண்டிலேயே மகளையும் பறிகொடுத்தார், அவளும் தற்கொலைதான்.

புரட்சி ஓய்ந்ததும் ஹெ லூடிங் மறுபடி கல்லூரியின் தலைவரானார். 1979இல் அமெரிக்க வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் ஷாங்காய் வந்தபோது அவருக்குக் கல்லூரியைச் சுற்றிக் காட்டியவர் தான் ஷூஜென். தன்னை அடைத்துவைத்த கதையை அவர் சொல்வது, அந்தப் பயணத்தைப் படமாக்கி ஆஸ்கர் வென்ற ‘மாவோவிலிருந்து மொஸார்ட் வரை’ ஆவணப்படத்தில் பதிவாகியிருக்கிறது. ஜோ சியாவ்யன் 2016இல், 98 வயதில் மறைந்தார். அவரிடம் பயின்ற லியாவ் சாங்யோங் 1997இல் பிளாசிடோ டொமிங்கோவின் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்றார்; பின்னாளில் கல்லூரியின் தலைவரும் ஆனார்.

பியானோக்களையும் ஏடுகளையும் உடைக்கலாம், எரிக்கலாம். இங்கே பாடம் கைமாறியது எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேருக்கு நடுவில். அந்த இருவரில் ஒருவர் பிழைத்திருந்தாலும் பாடம் தொடர்ந்தது. கல்லூரி மீண்டதன் காரணம் அவ்வளவுதான். பிழைக்காதவர்களோடு போன பாடங்கள் எத்தனை என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

(அடுத்த வாரம்: 1977இல் நுழைவுத் தேர்வு திரும்பியதும், வயல்களிலிருந்து பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரிக்குப் படிக்க வந்த தான் டுன், சென் யீ தலைமுறை)