நின்ற வண்டியில் குறையும் மின்சாரம்

மாலையில் நன்றாக ஓடிய பழைய பிக்கப் வண்டி, விடியற்காலையில் காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் புறப்படும் வேளையில் கிளம்ப மறுக்கிறது. உடனே புதிய பாட்டரி வாங்கிவிடுவோர் பலர். சில நாட்களில் அதுவும் ஓய்ந்துவிடுகிறது.

பாட்டரிக்கு முழு மின்னேற்றம் செய்து, நெகடிவ் கம்பியைக் கழற்றி ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். அப்படியும் வலுக் குறைந்தால் குற்றம் பாட்டரியினுடையதே. குறையாவிடில், வண்டியில் ஏதோ ஓர் உறுப்பு மின்சாரத்தை வீணாக்குகிறது என்பது தெளிவு. 5 வாட் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 ஆம்பியர்-மணி செலவாகும்; 60 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு வாரம் தாங்காது.

சாவியை எடுத்து, கதவுகளை மூடியபின், கழற்றிய கம்பிக்கும் நெகடிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைக்க வேண்டும். அந்நிலையில் வண்டியைக் கிளப்பலாகாது, மீட்டர் கெட்டுவிடும். சற்று நேரம் கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். எதை எடுத்ததும் அளவு சட்டென இறங்குகிறதோ, அவ்வழியிலேயே கசிவு உள்ளது. நாமே பிற்பாடு பொருத்திய ரேடியோவை முதலில் ஐயுறுவது நன்று.

எந்த ஃபியூஸை எடுத்தும் இறங்கவில்லையெனில், ஆல்டர்னேட்டரைக் கவனிக்க வேண்டும். அதன் டையோடு பழுதுற்றால் மின்சாரம் பின்னோக்கிப் பாயும். பாட்டரித் தொடர்பை நீக்கி, ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கழற்றி ஒதுக்கிவைத்து, மீண்டும் அளந்தால் உண்மை புலப்படும். பல வண்டிகளில் டையோடுத் தட்டை மட்டும் மாற்றினால் போதும்.