ஸ்டோர் ரூமில் பிறந்த நூலகம்

ஒருவர் காலமானதும் அவருடைய அலமாரியைக் காலி செய்வது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். துணிமணிகளை வேண்டியவர்களுக்குக் கொடுப்போம். பாத்திரங்களைப் பங்கிட்டுக் கொள்வோம். கடிதக் கட்டுகளும் டைரிகளும் மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போகும், அல்லது கொல்லையில் எரியும்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. கதையைச் சொல்லப் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இருக்கிறார்கள். ஆனால் ஆணோடு வாழ்ந்த ஆணுக்கும், பெண்ணோடு வாழ்ந்த பெண்ணுக்கும் பல காலமாக அந்த வசதி இல்லை. அவர்கள் வாழ்ந்ததற்குச் சாட்சி அந்தக் கடிதங்கள்தான். அவற்றையே வீட்டார் வெட்கப்பட்டு முதலில் எரித்தார்கள். இந்த விஷயத்தை நம் இதழில் பேசலாமா என்று சிலர் தயங்கலாம். காகிதத்தைக் காப்பது பற்றிய கதை என்று எண்ணிப் படிக்குமாறு கேட்டுக் கொள்கிறேன்.

இத்தகைய சேகரிப்பில் முன்னோடி பெர்லின் நகர மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். 1931இல் நம் நாட்டுக்கும் வந்து சென்றவர். 1919இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான நூல்களும் படங்களும் இருந்தன. 1933 மே 6ஆம் தேதி நாஜி மாணவர்கள் அதைச் சூறையாடினார்கள். மே 10ஆம் தேதி இரவு நகரின் நடுவே அந்த நூல்களை எரித்தார்கள். அப்போது வெளிநாட்டில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட் ஊர் திரும்பவே இல்லை. 1935இல் பிரான்ஸில் இறந்தார்.

நான் வேலை பார்த்த ரயில்வேயில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. பதிவேடு தொலைந்தாலும் பாலம் கண்ணெதிரே நிற்கும். பெரும்பகுதியை மறுபடி அளந்து எழுதிக் கொள்ளலாம். இறந்து போன மனிதரை அப்படி அளக்க முடியாது.

இதை நன்கு உணர்ந்த சில பெண்கள் 1974இல் நியூயார்க்கில் கூடினார்கள். பெண்களை நேசிக்கும் பெண்களின் சரித்திரத்தைத் தாங்களே சேர்த்து வைப்பது என்று முடிவு செய்தார்கள். அந்த அமைப்பின் பெயர் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ். சரித்திரம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதற்பகுதி 'அவனுடைய' என்று ஒலிப்பதால், அதை 'அவளுடைய' என்று மாற்றிக் கொண்டார்கள்.

முதலில் கட்டிடம் ஏதும் கிடையாது. நிறுவியவர்களில் ஒருவரான ஜோன் நெஸில் என்பவரின் அடுக்குமாடி வீட்டு ஸ்டோர் ரூமில்தான் சேகரிப்பு ஆரம்பமானது. பிறகு மற்ற அறைகளுக்கும் பரவியது. பல ஆண்டுகள் அந்த வீட்டிலேயே வாசகர்களும் வந்து போனார்கள். சிறு சிறு நன்கொடைகளைத் திரட்டி ப்ரூக்ளின் பகுதியில் ஒரு பழைய வீட்டை வாங்கி, 1993இல் திறந்தார்கள். அடமானக் கடன் 1996இல் முழுவதும் அடைபட்டது. 2022இல் நியூயார்க் நகராட்சி அந்த வீட்டைப் பாதுகாக்கப்பட வேண்டிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

அவர்கள் வகுத்துக் கொண்ட விதிகள் கவனிக்கத்தக்கவை. சேகரிப்பை விற்கக் கூடாது. பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்காமல் சமூகத்தின் கையிலேயே வைத்திருக்க வேண்டும். படிக்க வருபவரிடம் பட்டமோ சிபாரிசுக் கடிதமோ கேட்கக் கூடாது. வேலை செய்பவர்கள் தொண்டர்கள். புத்தகங்களை ஆசிரியரின் குடும்பப் பெயரால் அடுக்காமல், அவரவர் சொந்தப் பெயரால் அடுக்கியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் தகப்பனிடமிருந்தோ கணவனிடமிருந்தோ வருவது என்பது காரணம். வடக்கே வந்து, அலுவலகப் படிவத்துக்காக அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதப் பழகிய நமக்கு இது உடனே புரியும்.

அங்கே பிரபலங்களின் காகிதங்களுக்கு மட்டும்தான் இடம் என்றில்லை. மேபல் ஹாம்ப்டன் என்ற கறுப்பினப் பெண்மணி 1902இல் பிறந்தவர். இளமையில் நடனக்காரி, பிறகு பல ஆண்டுகள் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். லிலியன் ஃபாஸ்டர் என்ற பெண்ணுடன் 1932 முதல் 1978 வரை வாழ்ந்தார். அவர் சேர்த்து வைத்த மலிவுப் பதிப்பு நாவல்களும், சொந்தக் குரலில் சொன்ன வாழ்க்கைக் கதையும் அங்கே பத்திரமாக உள்ளன. 1989இல் அவர் மறைந்தாலும் ஒலிநாடாவில் இன்றும் பேசுகிறார்.

இவற்றைக் காப்பாற்றுவது எளிதல்ல. மலிவுத் தாளில் அமிலம் உண்டு. அது தானாகவே பழுத்து ஒடியும். குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துக் கறையாக்கும். ஆகவே ஊசிகளை எடுத்துவிட்டு, அமிலம் இல்லாத உறைகளில் போட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஒலிநாடாக்கள் நாளடைவில் கெடும் என்பதால் அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும்.

நம் நாட்டில் இந்த வேலை இன்னும் கடினமாக இருந்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவு இத்தகைய உறவைக் குற்றமாக்கியது. காதல் கடிதமே போலீஸ் கையில் தடயமாகலாம் என்றால், அதை யார் பத்திரப்படுத்துவார்கள்? வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்தது. இப்போது பெங்களூரில் கம்ரா என்ற ஆவணக் காப்பகம் இந்தச் சரித்திரத்தைச் சேகரித்து வருகிறது.

நாம் செய்யக் கூடியது சிறியதுதான். நம் குடும்பங்களிலும் கல்யாணம் செய்து கொள்ளாமல் ஒரு சிநேகிதருடனேயே காலம் கழித்த சித்தப்பாவோ, ஒரு சிநேகிதியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்து முடித்த அத்தையோ இருந்திருக்கலாம். அவர்களைப் பற்றி நாமாக எதையும் கற்பித்துக் கொள்ள வேண்டாம். ஆனால் அவர்களுடைய பெட்டியைத் திறக்கும் நாள் வந்தால், கடிதங்களை எரிக்காமல் ஒரு உறையில் போட்டு, பெயரும் வருஷமும் எழுதி வைப்போம். அவற்றை யார் படிக்கலாம் என்பதைப் பிறகு நிதானமாகத் தீர்மானித்துக் கொள்ளலாம்.